ஒரு மண்டலம் என்று நான் சொன்னது

"எத்தினி நாளு போட்டா கேக்கும் டீச்சர்?" என்று ஒரு மத்தியானம் நீ என்னைக் கேட்டாய்.

இன்று காலை வீட்டுக்காரர் வாசல் இரும்புக் கதவுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வைத்திருந்தார். தின்னர் வாசனை ஜன்னல் வழியாகச் சமையலறைக்குள் வந்தது. உன் புடவைத் தலைப்பில் எப்போதும் இருந்த வாசனை அது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது என்று நீயே சொல்வாய். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் நின்றிருக்கிறேன். உன் அந்தக் கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு நான் சொன்ன பதிலும்.

அந்தப் பதிலைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நீ இருந்த வரைக்கும் உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பொம்மனஹள்ளியில் ஒரே மாடியில் எதிரெதிர் வீடு நமக்கு. பத்துப் பன்னிரண்டு வருடம் கதவைத் திறந்தால் முகம் பார்த்தோம். ஆனால் பேசிக்கொண்டது குறைவு. நான் காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவேன், நீ அடுகோடிப் பட்டறைக்கு ஓடுவாய். பித்தளைத் தகட்டில் ஆசிட் அரித்த எழுத்துப் பள்ளங்களில் கறுப்பு எனாமல் நிரப்பி, மேலே வழிந்ததைத் தின்னர் துணியால் ஒரே இழுப்பில் துடைக்கும் வேலை உனக்கு. வீட்டு வாசல்களிலும் டாக்டர் அறைகளிலும் மாட்டும் பெயர்ப்பலகைகள். இந்த ஊரில் எத்தனையோ டாக்டர்களின் பெயர் உன் கையால் கறுத்தது.

நான் ஓய்வு பெற்ற வருடமே உன் பட்டறையும் ஜிகணிப் பக்கம் மாறியது. இரண்டு பஸ் மாறிப் போக முடியாது என்று நின்றுவிட்டாய். கடைசி நாளன்று ஒரு கோணிப்பை நிறைய வெட்டுத் துண்டுப் பித்தளையைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தாய்.

"இன்னாம்மா இது?" என்றேன்.

"மொதலாளி குடுத்தாரு டீச்சர். பழைய இரும்புக் கடைல போட்டுக்கோன்னாரு. மனசு வரல."

ஒரு வாரம் கழித்து உன் வீட்டுக்குள் வந்து பார்த்தால், தரையெல்லாம் இலைகள். தகட்டைக் கத்தரியால் வெட்டி, ஓரத்தை ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, பச்சையும் மஞ்சளும் கருநீலமுமாகப் பூசி, மேலே ஒற்றை மயிர்த் தூரிகையால் நரம்பு இழுத்திருந்தாய். வார்னிஷ் காயாத இலைகள் பழைய நாளிதழில் வரிசையாகக் கிடந்தன. உப்புத்தாள் எதற்கு, பளபளப்பாகத்தானே இருக்கிறது என்று கேட்டேன்.

"மொழுமொழுன்னு இருந்தா பெயின்ட் நிக்காது டீச்சர். கொஞ்சம் கீறல் பட்டாத்தான் புடிக்கும்."

நான் உடனே, "எடுத்துக்காட்டா, கரும்பலகை ரொம்ப வழவழன்னு ஆயிட்டா சாக்பீஸ் வழுக்கும் பாரு, அது மாதிரி" என்றேன். நீ சிரித்தாய். "உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு எடுத்துக்காட்டு வோணும். இல்லன்னா சாப்பாடு செரிக்காது."

அந்த இலைகளோடு கல்மணி சேர்த்துக் கோத்தால் கழுத்துக்குப் போடலாம் என்று தோன்றியது யாருக்கு என்று இப்போது நினைவில்லை. இரண்டு பேரும் சிக்பேட்டைச் சந்துகளில் அலைந்தோம். மணி கோக்கும் கியர் ஒயர், சின்ன வளையங்கள், கொக்கிகள், மூக்குக் குறடு எல்லாம் வாங்கினோம். கல்மணி சரம் சரமாகத் தொங்கிய ஒரு கடையில் நீ விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. ஊதா, தேன் நிறம், பால் வெள்ளை. கரும்பச்சையில் சிவப்புப் பொட்டுப் பொட்டாகத் தெறித்த ஒரு கல் இருந்தது. கடைக்காரர் அதை பிளட்ஸ்டோன் என்றார். அதற்கு ரத்தக்கல் என்று நான்தான் தமிழில் பெயர் வைத்தேன். வைக்காமல் இருந்திருக்கலாம்.

மணி கோக்கும் வேலையில் நான் உனக்கு உபத்திரவம்தான். ஒயரை மடக்கி, முனையைப் பூட்டும் நசுக்குமணிக்குள் விட்டுக் குறடால் அழுத்துகிற இடத்தில் என் கை நடுங்கும். கோத்ததெல்லாம் அவிழ்ந்து தரையில் ஓடும். நீ திட்டாமல் பொறுக்கி எடுப்பாய். "நீங்க எழுத்து வேலையப் பாத்துக்குங்க, நான் இந்த வேலையப் பாக்கறேன்" என்று பிரித்துக்கொடுத்தாய். அப்படித்தான் எழுத்து என் பங்குக்கு வந்தது.

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கீழ்த்தளத்தில் கடை போட விடுவார்கள். முதல் ஞாயிறு ஒரு மாலைகூடப் போகவில்லை. வந்தவர்கள் எடுத்தார்கள், கழுத்தில் வைத்து போனில் பார்த்தார்கள், "இது எதுக்கு ஆன்ட்டி?" என்று கேட்டார்கள், வைத்துவிட்டுப் போனார்கள். எதற்கு என்றால் என்ன சொல்வது? போட்டுக்கொள்ளத்தான் என்றேன். அது அவர்களுக்குப் போதவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் நீ சொன்னாய்: "அழகா இருக்குதுன்னு யாரும் வாங்கறதில்ல டீச்சர். எந்தக் கல்லு எதுக்குன்னு சொல்லணும். அப்பத்தான் கை நீட்டுவாங்க."

அன்று ராத்திரியே அட்டைகள் வெட்டி எழுத உட்கார்ந்தேன். கடைக்காரர் கொடுத்த ஆங்கிலப் பட்டியல் ஒன்று, போனில் தேடிப் பார்த்தது கொஞ்சம். ஊதாக்கல் தூக்கத்துக்கு. புலிக்கண் துணிச்சலுக்கு. நிலாக்கல் மன அமைதிக்கு. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். கரும்பலகையில் எழுதி எழுதிப் பழகிய குண்டு எழுத்து. ரத்தக்கல்லுக்கு எதிரே பட்டியலில் இருந்ததை அப்படியே தமிழாக்கினேன்: "ரத்தப்போக்கை அடக்கும்."

முப்பது வருடத்துக்கும் மேல் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள் நான். வகுப்பில் எந்தப் பிள்ளை எதைச் சொன்னாலும், "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பேன். பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்த பெயரே 'எப்படித் தெரியும் டீச்சர்'. அந்த அட்டைகளை எழுதும்போது என்னை நானே ஒரு தடவைகூட அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. விற்பனைக்காக எழுதுவது வேறு, பாடம் வேறு என்று நினைத்தேன். ஆனால் எழுத்து ஒரே எழுத்து. நீ அந்த எழுத்தைத்தான் பார்த்தாய்.

அடுத்த ஞாயிறு கூட்டம் நம் மேசையைச் சுற்றித்தான். அட்டையைப் படிக்கிறார்கள், தலையாட்டுகிறார்கள், வாங்குகிறார்கள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்க ஒரு பையன் வந்து, "அப்ரைசலுக்கு ஏதாவது கல்லு இருக்கா ஆன்ட்டி?" என்று கேட்டான்.

"இருக்குது சார்" என்றாய் நீ. "ஆனா அது கழுத்துல போடறது இல்ல. மேனேஜரு தலையில போடறது. இத்தாம் பெரிசு இருக்கும். ஆட்டோவுலதான் எடுத்துட்டுப் போவணும்."

அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் திரும்பினார்கள். தனக்கு ஒன்று, ரூமில் இருக்கிறவனுக்கு ஒன்று என்று இரண்டு புலிக்கண் வாங்கிக்கொண்டு போனான். நீ சந்தோஷமாக இருந்ததை நான் முழுதாகப் பார்த்தது அந்தச் சில மாதங்கள்தான்.

அப்புறம் அந்த மத்தியானம் வந்தது. மொட்டைமாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து நீ வார்னிஷ் பூசிக்கொண்டிருந்தாய். நான் அட்டையில் துளை போட்டுக்கொண்டிருந்தேன். தலை நிமிராமல் கேட்டாய்:

"எத்தினி நாளு போட்டா கேக்கும் டீச்சர்?"

"எது?"

"கல்லுதான். வாங்கறவங்க கேட்டா இன்னா சொல்றது?"

"ஒரு மண்டலம்னு சொல்லு."

"மண்டலம்னா நாப்பத்தொண்ணா, நாப்பத்தெட்டா?"

இந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு பிள்ளை சரியான கேள்வி கேட்டுவிட்ட மகிழ்ச்சி எனக்கு. "விரதம்னா நாற்பத்தொண்ணு. மருந்துன்னா நாற்பத்தெட்டு. எடுத்துக்காட்டா, நாட்டு வைத்தியர் லேகியம் கொடுத்தா ஒரு மண்டலம் சாப்பிடச் சொல்லுவாரு இல்ல? அதே கணக்கு" என்றேன்.

"நடுவுல கழட்டலாமா?"

"கூடாது. கழட்டினா முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

எங்கிருந்து வந்தது அந்தக் கடைசி விதி என்று எனக்கே தெரியாது. பேச்சு வேகத்தில் வந்தது. அன்றைக்கு எழுதிய அட்டைகளில் எல்லாம் கீழே ஒரு வரி சேர்த்தேன்: "ஒரு மண்டலம் கழற்றாமல் அணியவும்." நீ அதை எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தாய். "இது நல்லா இருக்குது" என்றாய்.

வகுப்பில் ஒரு பிள்ளை ஒரே விஷயத்தைப் பற்றி மூன்று கேள்வி கேட்டால், அது பாடத்தைப் பற்றிய கேள்வி இல்லை என்று எனக்குத் தெரியும். மழை எப்படி வருகிறது என்று கேட்டு, வெள்ளம் எப்படி வருகிறது என்று கேட்டு, அப்புறம் ஓட்டு வீடு தாங்குமா என்று கேட்கிற பிள்ளையின் வீடு ஒழுகுகிறது என்று அர்த்தம். அப்படிப் பிள்ளைகளை மத்தியானம் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறேன். உன்னை நான் கூப்பிடவில்லை. எனக்கும் உனக்கும் நடுவில் இரண்டு முழ தூரம்தான் இருந்தது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் என் கண் எதிரில்தான். நீ கறுப்பும் கருநீலமுமாகவே கட்ட ஆரம்பித்தாய். "இன்னா, யாருக்காவது துக்கமா?" என்று கேலி செய்தேன். "பெயின்ட் கறை தெரியாது டீச்சர்" என்றாய். என் வீட்டுக்கு வந்தால் கட்டிலில் உட்காருவதை விட்டுவிட்டாய். நாளிதழை விரித்துத் தரையில் உட்கார்ந்தாய். விடியும் முன்பே துணி துவைத்து, மற்றவர்கள் கொடிக்கு வருவதற்குள் எடுத்துவிடுவாய். முகம் வெளுத்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. தினமும் காலையில் கதவைத் திறந்ததும், "எப்படி இருக்கே?" என்பேன். "இருக்கேன் டீச்சர்" என்பாய். அதோடு நான் காப்பி போடப் போய்விடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டேன். நீ வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை.

"என்ன, திடீர்னு சாமி மேல பேஜாராயிடுச்சா?"

"ஸ்வல்ப நாளைக்கு சாமிக்கு லீவு குடுத்திருக்கேன் டீச்சர். பாவம், எத்தினி வருசமா வேலை செய்யுது."

நானும் சிரித்துவிட்டுத் தனியாகப் போனேன். ஐம்பத்தேழு வயதுப் பெண், வெள்ளிக்கிழமை தவறாதவள், கோயில் படி ஏற மாட்டேன் என்கிறாள். நம் வீட்டுப் பெண்கள் எந்தக் காரணத்துக்குக் கோயிலுக்குப் போகாமல் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? அந்த வயதில் அது நின்று வருடங்கள் ஆகியிருக்க வேண்டும் என்று தெரியாதா? இரண்டும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் எனக்கு வரவில்லை.

பள்ளியில் ஒவ்வொரு வருடமும் வளரிளம் பருவம் பற்றிய பாடம் வரும். அந்தப் பாடத்தை நான் நடத்தியதே இல்லை. "இது எளிமையான பாடம், நீங்களே வீட்டில் படிச்சுக்கோங்க" என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். பிள்ளைகள் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துச் சிரிப்பார்கள். அந்த ஒரு சொல்லை வாய்விட்டுச் சொல்லாமலேயே ஓய்வு பெற்றேன். நீயும் சொல்லவில்லை. இரண்டு பெண்கள், எதிரெதிர்க் கதவு, நாள் முழுதும் பேச்சு. அதை மட்டும் பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எலெக்ட்ரானிக் சிட்டியில் நீ ஒருத்திக்கு மாலை போட்டுவிட எழுந்தாய். எழுந்தவள் அப்படியே மேசையைப் பிடித்துக்கொண்டு சரிந்தாய். பிளாஸ்டிக் நாற்காலி முழுக்க ரத்தம். மாலை போட நின்ற பெண் தன் துப்பட்டாவைக் கழற்றி உன் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். செக்யூரிட்டிக்காரர் ஆட்டோ பிடித்தார். ஆட்டோவில் என் மடியில் தலை வைத்துக்கொண்டு, "மேச மேல எல்லாம் அப்படியே கெடக்குது டீச்சர், யாராவது எடுத்துட்டுப் போயிடப் போறாங்க" என்றாய்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது நர்ஸ் அட்டையும் பேனாவுமாக வந்து நின்றாள். "எஷ்டு தினதிந்த ஆக்தா இதெ அம்மா?" என்று கன்னடத்தில் கேட்டாள், எத்தனை நாளாக இப்படி என்று. உனக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அரை மயக்கத்தில் தமிழில்தான் சொன்னாய்:

"ரெண்டு மண்டலம் முடிஞ்சிது சிஸ்டர். மூணாவது ஓடுது."

நர்ஸுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். "மண்டலா அந்த்ரே?"

மண்டலம் என்றால் என்ன என்று கேட்கிறாள். என் சொல்லுக்கு என்னிடமே பொருள் கேட்கிறாள். எனக்கு அந்த ஒரு கணத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. மொட்டைமாடிப் படிக்கட்டு, மூன்று கேள்விகள், கறுப்புப் புடவை, சாமிக்கு லீவு. "நாற்பத்தெட்டு நாள்" என்றேன். அவள் மனதுக்குள் பெருக்கிப் பார்த்து, நூறு நாளுக்கு மேல் என்று எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு உன்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

டாக்டரம்மா வந்தார். "ஏம்மா, இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தே? முதல் நாளே வந்திருக்க வேணாமா?" என்று கேட்டார். நான் உன் தலைமாட்டில் நின்றிருந்தேன். நீ என் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை.

"வேலை இருந்திச்சு மேடம்" என்றாய்.

ஸ்கேன் எடுக்க உள்ளே கொண்டுபோகும் முன் உடம்பில் இருந்ததைக் கழற்றி ஒரு காகித உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். தோடு, மூக்குத்தி, ஒரு இடுப்புக் கயிறு. கயிற்றில் ஏழு ரத்தக்கல்லும் நடுவில் ஒரு பித்தளை இலையும். இலையில் பச்சை பூசி, நரம்பெல்லாம் சிவப்பில் இழுத்திருந்தாய். விற்பதற்குச் செய்ததில் எதிலும் நீ இவ்வளவு நுணுக்கமாக வேலை செய்ததில்லை.

கர்ப்பப்பையில் ஆரம்பித்தது வெளியே பரவிவிட்டது என்றார்கள். அறுவை சிகிச்சை செய்து பயன் இல்லை என்றார்கள். முன்பே வந்திருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார். நான் முடித்துக்கொண்டேன்.

ஓசூரிலிருந்து உன் மகள் வந்து உன்னோடு தங்கினாள். ஒரு நாள் உன் வீட்டுச் சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றி என்னிடம் கொண்டுவந்தாள். ஒவ்வொரு தேதிக்கும் கீழே ஒரு கறுப்பு எனாமல் புள்ளி, தூரிகை நுனியால் வைத்தது. நாற்பத்தெட்டாம் புள்ளி மட்டும் சிவப்பு. மறுபடி கறுப்பு, மறுபடி ஒரு சிவப்பு. நடுவில் ஓரிடத்தில் நாலைந்து புள்ளிகளைத் தின்னரால் அழித்த மங்கல். ஏதோ ஒரு நாள் கயிறு அவிழ்ந்திருக்க வேண்டும். முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாய்.

"இன்னா அத்தே இது? அம்மா எதுக்கு இப்படிப் புள்ளி வெச்சிருக்குது?"

"பெயின்ட் தெளிச்சிருக்கும்" என்றேன்.

அவள் அதை நம்பினாள். டீச்சர் சொன்னால் நம்புவார்கள். "உங்ககிட்ட கூடவா அத்தே சொல்லல?" என்று அழுதாள். "சொல்லலம்மா" என்றேன். சொல்லவில்லைதான். கேட்டிருந்தாய்.

ஐந்து மாதம் இருந்தாய். தினமும் மத்தியானம் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்காருவேன். இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வருவேன். அந்த அட்டையில் இருந்தது எனக்குத் தெரிந்த விஷயமே இல்லை, அந்த நாற்பத்தெட்டு நாள் என் வாயில் வந்தது, மன்னித்துவிடு. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நீ கஞ்சி குடிப்பதைப் பார்ப்பேன், பேச்சு வேறெங்கோ போகும், எழுந்து வந்துவிடுவேன்.

ஒரு நாள் நீயாகவே ஆரம்பித்தாய். மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள்.

"டீச்சர், அந்த ரத்தக்கல்லு மிச்சம் இருக்குதா?"

"இருக்கு" என்றேன்.

"அத விக்காதீங்க."

"சரி."

"டூப்ளிகேட்டு அது. சிக்பேட்டைக்காரன் ஏமாத்திட்டான். கண்ணாடிக்குக் கலர் ஏத்தி வெச்சிருப்பான். ஒரிஜினலா இருந்தா கேட்டிருக்கும்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாய்: "உங்க பேரு கெட்டுப் போவும் டீச்சர். நீங்க சரியா எழுதி வெச்சி, அவன் பொய்க்கல்லக் குடுத்தா, ஜனங்க உங்களத்தானே சொல்லும்?"

என்னைக் காப்பாற்றப் பார்த்தாய். சாகக் கிடக்கிறவள், என் எழுத்துக்குப் பழி வந்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்டாய். அது நிஜமான கல்தான். கடைக்காரர் உன்னை ஏமாற்றவில்லை. அதைச் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதும். நான் சொன்னது ஒரே சொல்.

"இருக்கும்" என்றேன்.

நீ கண்ணை மூடிக்கொண்டாய். நிம்மதியாக இருந்தது உன் முகம். அதற்குப் பிறகு பதினொரு நாள்.

நீ போன பிறகு ஒரு ஞாயிறு எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போனேன். நாம் விற்ற ரத்தக்கல் மாலைகளை எப்படியாவது திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று ஒரு வெறி. யார் யாருக்கு விற்றோம் என்று நமக்கு எங்கே தெரியும்? வாசலில் இரண்டு மணி நேரம் நின்று போகிறவர் வருகிறவர் கழுத்தையெல்லாம் பார்த்தேன். கடைசியில் ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், கழுத்தில் உன் இலையும் ரத்தக்கல்லுமாக வந்தாள். நிறுத்தினேன். "அம்மா, இந்த அட்டையில இருந்தது நான் எழுதினது. அதுல உண்மை இல்லை. காசு திருப்பித் தரேன், குடுத்துடுங்க" என்றேன்.

அவள் கழுத்தைக் கையால் மூடிக்கொண்டாள். "அய்யோ ஆன்ட்டி, இது எனக்கு நல்லா ஒர்க் ஆகுது. எல்லாம் நம்பிக்கைதானே?" என்று சிரித்தாள். கம்பெனி கேப் வந்து நின்றது. ஏறிப் போய்விட்டாள். அவளுக்கு என்ன ஒர்க் ஆகிறது, எதை அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்று கேட்பதற்குள் கதவு மூடிவிட்டது.

கரும்பலகையில் தப்பாக எழுதினால் மணி அடிப்பதற்குள் அழித்துவிடலாம். அந்த அட்டைகள் எத்தனை அலமாரிகளில், எத்தனை கைப்பைகளில் இருக்கின்றனவோ. என் குண்டு எழுத்து இன்னும் யாரையோ காத்திருக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை. வழி இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

உன்னோடு செய்த எதையும் நான் இப்போது போட்டுக்கொள்வதில்லை. குறடுகளைக் கொடுத்துவிட்டேன். நான் சுமப்பது உன் குரலில் அந்த 'நீங்க சரியா எழுதி வெச்சி' என்பதைத்தான். நாளாக ஆக லேசாகும் என்று சொல்கிறார்கள். ஆகவில்லை.

இந்த மடல் அச்சில் வந்தால் உன் மகள் படிப்பாள். படிக்கட்டும். மகளே, காலண்டரில் இருந்தது தெளித்த பெயின்ட் இல்லை. உன் அம்மா நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணச் சொன்னவள் நான். இதற்குப் பிறகு நீ என்னை அத்தை என்று கூப்பிட வேண்டாம் என்று தோன்றினால், அதுவும் நியாயம்தான்.

உனக்கு இனி நான் சொல்ல எதுவும் மிச்சமில்லை. இதைப் படிக்கிற மற்றவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ எதிர்வீட்டிலோ ஐம்பது தாண்டிய பெண் ஒருத்தி இருப்பாள். இன்றைக்கு அவளைத் தனியாக உட்கார வைத்து, சுற்றி வளைக்காமல், "மாதவிலக்கு நின்னதுக்கு அப்புறம் எப்பவாவது மறுபடி ரத்தம் பட்டுச்சா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள், ஆமாம் என்றால் நாள் எண்ணாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.